பதினாலாம் கவுண்டர்

ஜூலை 8, செவ்வாய்

இன்று சமூக நீதி வகுப்பில் தூங்கிவிட்டேன். மாணவர்கள் தூங்கினால் அது செய்தி இல்லை, வழக்கம். தூங்கியது நான். வகுப்பெடுத்துக்கொண்டிருந்ததும் நானே.

கல்குவாரித் தொழிலாளர்களைப் பற்றிய ஆவணப்படத்தை ஓடவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டேன். மதியம் சாப்பிட்ட மோர்க்குழம்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. கண் திறந்தபோது படம் முடிந்து திரை நீலமாகக் கிடந்தது. இரண்டாமாண்டு இதழியல் வகுப்பின் இருபத்திரண்டு பேரும் இதுவரை எந்தப் பாடத்துக்கும் காட்டாத கவனத்தோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் வந்துவிட்டது. பிளந்த வாயோடு என் முகம், கீழே ‘சமூக நீதி சற்று ஓய்வெடுக்கிறது’. தலைப்பு நன்றாகத்தான் இருந்தது. நான்கு சொல்லுக்கு மேல் தலைப்பு வைக்காதே என்று சொல்லிக்கொடுத்த பாவியும் நான்தான்.

என் மனைவி பிரமு அதை என்னிடமே நீட்டினாள். “படம் நல்லா விழுந்திருக்கு. குறட்டைச் சத்தந்தான் கொறை.” அவளுக்கு அதை யார் அனுப்பியது என்று கேட்டால் ‘வாசகர் வட்டம்’ என்கிறாள்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் இருபத்தைந்து வருஷமாக இதழியல் சொல்லித்தரும் ஆவுடையப்பனின் இன்றைய நிலவரம் இது. முதல்வர் வேறு சுற்றறிக்கை விட்டிருக்கிறார். மாணவர்களைச் சமூக நீதியில் ஈடுபடுத்த ஒவ்வொரு துறையும் என்ன செய்தது என்று ஆகஸ்ட் பாதிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டுமாம். இதுவரைக்கும் என் பங்களிப்பு ஒரு ஸ்டிக்கர்.

ஜூலை 9, புதன்

‘களப்பயணம் போவோம்’ என்று வகுப்பில் அறிவித்தேன். ஒருவரும் நிமிரவில்லை. ஏன் நிமிர வேண்டும்? ஒவ்வொரு வருஷமும் ஒரு பஸ், ஒரு பேனர், எலுமிச்சம்பழச் சாதம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு காலனி. அங்கே தண்ணீர் வராத குழாயைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவோம். போன வருஷம் அந்தக் குழாயடியில் ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, “சாரு, அதே கேள்வியா? அப்ப அதே பதில எழுதிக்கிடுங்க, எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்று போய்விட்டார். அந்தப் பயணத்தைப் பற்றி நாங்கள் போட்ட பக்கத்துக்கு மாவட்ட அளவில் பரிசு கிடைத்தது. குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

நான் அறிவித்து முடித்ததும் மூன்றாவது வரிசையில் ரிஸ்வானா எழுந்தாள். இந்த வகுப்பில் என் தூக்கத்தைப் படம் எடுக்காதவள் அவள் ஒருத்திதான் என்று கேள்வி. (எடுத்தவன் அவள் பக்கத்தில் இருக்கும் செல்வின். அதையும் விசாரித்துவிட்டேன்.)

“சார், அநியாயத்தப் பாக்கணும்னா பஸ் ஏறித்தான் போணுமா? நம்ம வெள்ளிமணி சில்க்ஸ்ல போய் அரை மணி நேரம் நின்னு பாருங்க. நில்லுங்க சார், உக்காராதிய.”

அவளோடு பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த ஜெபக்கனி என்ற பெண் அங்கே வேலை பார்க்கிறாளாம். முதன்முறையாக நாலைந்து தலைகள் நிமிர்ந்தன. என் தலை மட்டும் குனிந்தது. மேஜை மேல் இருந்த என் கட்டைப்பையை மெல்லக் காலடிக்குத் தள்ளினேன். பையில் கொட்டை எழுத்தில் ‘வெள்ளிமணி சில்க்ஸ்’. ஆறு மாதமாக அதில்தான் சமூக நீதிப் புத்தகங்களைச் சுமந்துவருகிறேன். உறுதியான பை.

ஜூலை 10, வியாழன்

ஜெபக்கனிக்கு இன்று மதியத்துக்கு மேல் விடுமுறை. பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு ஜூஸ் கடையில் நான், ரிஸ்வானா, செல்வின் மூவரும் பார்த்தோம். ஒல்லியான பெண், இருபது வயது. இடது காலில் வீக்கத்துக்காக முட்டி வரைக்கும் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். ‘உக்காரும்மா’ என்று மூன்று முறை சொன்னேன்.

“பரவால்ல சார். நின்னே பழகிட்டு.”

நான் உட்கார்ந்தேன். யாராவது ஒருவர் உட்கார வேண்டுமே.

“காலைல ஒம்பதரைக்கு மேல ஏறுனா ராத்திரி கடை சாத்துத வரைக்கும் நிக்கணும் சார். சுவத்துல லேசா சாஞ்சாலும் மாட்டிக்கிடுவோம். கேமராவுல பாத்துக்கிட்டே இருப்பாவ. மைக்குல கவுண்டர் நம்பரச் சொல்லுவாவ. நான் பதினாலு. ‘பதினாலு’ன்னு ஒருக்கா சொன்னா நிமிரணும். மறுக்கா சொன்னா அன்னைக்கு ராத்திரி கடை சாத்துன பொறவும் நின்னுட்டுப் போணும்.”

செல்வின் எழுதுவதை நிறுத்திவிட்டான். “மறுபடியும் நிக்கணுமா? எதுக்கு?”

“சும்மாத்தான். நிக்கதுக்குத்தான்.”

அந்த நம்பர்களை நானும் கேட்டிருக்கிறேன். தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது மணிச் சத்தத்தோடு ‘இருபத்தொண்ணு’, ‘ஒன்பது’ என்று வரும். பில் தயாராகிவிட்டது போல என்று நினைத்து ஒருமுறை என் டோக்கனைக்கூட எடுத்துப் பார்த்தேன். என்ன ஒழுங்கான கடை என்று பிரமுவிடம் மெச்சியும் இருக்கிறேன். இதை எழுதும்போது காது மடல் சுடுகிறது.

கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டமே வந்து சில வருஷமாகிறது. “ஸ்டூல் கிடையாதாம்மா?” என்று கேட்டேன்.

“இருக்கு சார், குடோன்ல. ஆபீசர் வந்தா மேல வரும். அவிய எறங்கிப் போனதும் அதுவும் எறங்கிப் போயிரும்.”

ஜெபக்கனியின் அம்மா பீடி சுற்றுகிறார். தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். வீடு ஏரல் பக்கம், இவள் தங்குவது கடை விடுதியில். புறப்படும்போது ரிஸ்வானாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “என் பேரு வந்துராதுல்லா பிள்ள? வேலை போச்சுன்னா தம்பி படிப்பு நின்னுரும்” என்றாள்.

“பேரை மாற்றிவிடுவோம்மா. அது எங்கள் தர்மம்” என்று நான் வாக்குக் கொடுத்தேன். பழச்சாறு குடித்த வாயால் தர்மம் பேசினால் தனி கம்பீரம் வந்துவிடுகிறது.

ஜூலை 14, திங்கள்

எங்கள் துறை இதழுக்கான செய்தி என் மேஜைக்கு வந்தது. ரிஸ்வானாவும் செல்வினும் சேர்ந்து எழுதியது. நேர்மையான செய்தி, ஆனால் உப்பில்லை. ‘ஒரு கடையில் ஒரு பெண்’ என்று தொடங்கியிருந்தார்கள்.

“ஏலே செல்வின், எந்தக் கடை, எந்த மாடி? விவரந்தான் செய்திக்கு உசுரு. படிக்கிறவன் கண்ணு முன்னால அந்தப் பொண்ணு வந்து நிக்கணும்.”

“வந்து நிக்காண்டாம்னுதான் சார் எழுதல” என்றாள் ரிஸ்வானா.

“பேரத்தான் மாத்துதோமே!”

நானே பேனாவை எடுத்தேன். ‘பதினாலு... பதினாலு... ஒலிபெருக்கி அழைக்கிறது. மூன்றாவது மாடியில், குழந்தைகள் உடைப் பிரிவில், ஏரலிலிருந்து வந்த மலர் (பெயர் மாற்றப்பட்டுள்ளது) இடது காலின் கட்டைச் சரிசெய்தபடி நிமிர்கிறாள்’ என்று ஆரம்பத்தை மாற்றி எழுதி வாசித்துக் காட்டினேன். வகுப்பு கை தட்டியது. இருபத்தைந்து வருஷத்தில் என் வகுப்பில் கைதட்டல் கேட்பது இது இரண்டாவது முறை. முதல்முறை நான் விடுப்பு எடுப்பதாகச் சொன்னபோது.

ஜூலை 15, செவ்வாய்

இன்றைய பாடம்: மறுதரப்பு. ஒரு குற்றச்சாட்டை எழுதினால் எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று கேட்காமல் அச்சிடக் கூடாது. இதை நான் கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

செல்வின் எல்லோர் முன்னிலையிலும் ஸ்பீக்கரைப் போட்டு வெள்ளிமணி மேலாளர் சண்முகவேலை அழைத்தான். குரலில் தேன் ஒழுகியது.

“அப்படியா தம்பி? ரொம்ப சந்தோசம், சின்னப் பிள்ளேலு சமூகத்தப் பத்தி யோசிக்கிய. எழுதுனத அப்படியே அனுப்பி வைங்க. படிச்சுட்டு எங்க பக்கத்தச் சொல்லுதோம்.”

செல்வின் என்னைப் பார்த்தான். ரிஸ்வானா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். கேள்வியை அனுப்பினால் போதும், செய்தியை அனுப்ப வேண்டியதில்லை என்பது இந்தத் தொழிலில் கத்துக்குட்டிக்கும் தெரியும். ஆனால் ஸ்பீக்கரில் இருபத்திரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குப் பெருந்தன்மை பொங்கிவிட்டது. “மறைக்க நமக்கு என்ன இருக்கு? முழுசா அனுப்பு” என்றேன்.

நடுநிலை என்றால் இதுதான் என்றும் சொன்னேன். இரண்டு கோடு போட்டிருந்தேன் அல்லவா.

ஜூலை 16, புதன்

பதில் வந்துவிட்டது. ‘எங்கள் நிறுவனத்தில் பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி உண்டு’ என்ற ஒரு வரியும் ஒரு படமும். படத்தில் வரிசையாக ஸ்டூல்கள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நாளை ஆடி பிறக்கிறது. வீட்டுக்கு வந்தால் பிரமு வெள்ளிமணி தள்ளுபடி நோட்டீஸை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறாள்.

ஜூலை 18, வெள்ளி

ஜெபக்கனியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஆடி முதல் நாள், கடையில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில், மைக்கில் ‘பதினாலு, கீழே வா’ என்று கூப்பிட்டு, விடுதியிலிருந்து பெட்டியை எடுத்துவந்து வாசலில் வைத்துவிட்டார்களாம்.

ரிஸ்வானா வகுப்புக்குள் வந்தாள், உட்காரவில்லை.

“மூணாவது மாடி. பிள்ளேலு துணி. பதினாலாம் கவுண்டர். ஏரல். எடது கால்ல கட்டு.” விரல் விட்டு எண்ணினாள். “பேர மட்டும் மாத்துனோம். இதுல மலர் யாருன்னு கண்டுபிடிக்க அவியளுக்கு ஒரு நிமிசம் ஆயிருக்குமா சார்?”

நான் தொழில் நெறி, மறுதரப்பு என்று ஏதோ தொடங்கினேன்.

“மறுதரப்பக் கேட்டோம்லா சார்” என்றான் செல்வின். “சொல்லிட்டாவ.”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த மேலாளரின் தேன் குரல் மீது ஆத்திரம். ஒரு பெண்ணை உட்காரவிடாமல் வைத்துக்கொண்டு, உட்காரவிடவில்லை என்று சொன்னதற்காக எழுப்பி அனுப்பும் திமிர் மீது. சட்டம் போட்டுவிட்டு ஸ்டூல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்காத அதிகாரிகள் மீது. கரும்பலகையில் அழியாமல் கிடந்த அந்த இரண்டு கோட்டின் மீது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல், டஸ்டரைக் காணோம் என்று அட்டெண்டர் துரைப்பாண்டியைத் திட்டினேன். டஸ்டர் என் கையில்தான் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். இன்று வகுப்பில் ஒருவர்கூட செல்போனைத் தொடவில்லை. இத்தனை வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். கிடைத்த விதம்தான் இப்படி.

ஜூலை 19, சனி

முதல்வர் கூப்பிட்டார். வெள்ளிமணி முதலாளி கல்லூரி நிர்வாகக் குழு உறுப்பினர் என்பதை ஞாபகப்படுத்தினார். எங்கள் துறையின் ஒலிப்பதிவு அறை அவர் கட்டிக்கொடுத்தது. துறை இதழின் கடைசிப் பக்க விளம்பரமும் அவருடையது.

“செய்திய நிறுத்தி வைங்க ஆவுடையப்பன். சமூக நீதின்னா எவ்வளவோ இருக்கு. பிளாஸ்டிக் ஒழிப்பு இருக்கு.”

அதற்கு நான் கொடுத்த பதிலை இங்கே பதிவு செய்கிறேன். ‘ஐயா, ஒரு பெண்ணின் கால் வீங்குவதற்கும் ஒரு கல்லூரிக்குக் கட்டடம் எழும்புவதற்கும் தொடர்பு இருக்குமானால், அந்தக் கட்டடத்தில் இதழியல் சொல்லித்தர எனக்கு நா எழாது. செய்தி வரும். தடுத்தால் என் ராஜினாமாவும் வரும்.’ அறையே அதிர்ந்தது.

இந்தப் பதில் எனக்கு மாடிப்படி இறங்கும்போது தோன்றியது. அறையில் சொன்னது, “சரிங்கய்யா.”

ஜூலை 21, திங்கள்

இன்று எனக்கு ஆகாத கத்தரிக்காய்க் கூட்டு. ரிஸ்வானா பிரமுவிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 23, புதன்

ஏரலுக்குப் போய் ஜெபக்கனியையும் அவள் அம்மாவையும் பார்க்கலாம் என்று ஆப்பிள், சாத்துக்குடி எல்லாம் வாங்கி கட்டைப்பையில் வைத்தேன். (உள்ளும் புறமும் திருப்பிய பையில். எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது.) ரிஸ்வானா தடுத்துவிட்டாள்.

“பழமெல்லாம் வேண்டாம் சார். நேத்து நான் போயிருந்தேன். ‘எனக்கு ஸ்டூலும் வேண்டாம் நியாயமும் வேண்டாம், வேலை வேணும்’னு அழுதா. தம்பிக்கு அடுத்த வாரம் பரீச்சைக்குப் பணம் கட்டணும்.”

“நான் வேணா மேலாளர்ட்டப் பேசிப் பாக்கட்டா?”

“வேண்டாம் சார்” என்றார்கள் இருபத்திரண்டு பேரும், ஒரே குரலில். சேர்ந்திசை மாதிரி இருந்தது.

என்னை வெளியே அனுப்பிவிட்டு வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பேசினார்கள். என் வகுப்பு. என் கதவு. வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் முழங்கால் வலித்துவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

பிரமு ஆடித் தள்ளுபடிக்கு என்னை வெள்ளிமணிக்கு இழுத்துப் போனாள். “அந்தக் கடைக்கா? ஒரு கொள்கை வேண்டாமா?” என்று கேட்டதற்கு, “கொள்கையத் தூக்கிட்டு வாங்க, பையத் தூக்கதுக்கு ஆள் வேணும்” என்றாள். அவள் பேச்சில் ஏதோ இருந்தது. எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டாவது மாடி, சேலைப் பிரிவு. எஸ்கலேட்டர் பக்கத்தில் கணவன்மாருக்கென்று ஒரு நீள சோபா போட்டிருப்பார்கள். உட்காரும் உரிமை முழுசாகக் கிடைத்திருப்பது இந்த நாட்டில் கணவன்மாருக்குத்தான்; அதற்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. நானும் நடுவில் ஒரு இடம் பிடித்தேன். இடப்பக்கத்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்டிக்கர் ஞாபகம் வந்து அவர் மீது பரிவு உண்டாயிற்று.

அப்போதுதான் பார்த்தேன். ஆறாம் கவுண்டரில் செல்வினும் அவன் அம்மாவும், கூட இரண்டு சித்திமாரும். ஏழில் என் முதல் வரிசைப் பிள்ளைகள், தாயார் சகிதம். ஒன்பதில் என் கடைசி வரிசை, அத்தைமார் சகிதம். கட்டைப்பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

செல்வினின் அம்மா விற்பனைப் பெண்ணிடம் சொன்னார்: “தாயி, நீ உக்காரு. பொறவு சேலையக் காட்டு.”

“உக்கார ஒண்ணுமில்லம்மா. எந்த மாதிரி பாக்கிய? பூனம் காட்டட்டா?”

“உக்கார ஒண்ணுமில்லைன்னா எனக்கும் வாங்க ஒண்ணுமில்ல. நீ உக்காருத வரைக்கும் நான் இங்கன நிக்கேன்.”

அந்தப் பெண் பயந்து கேமராவைப் பார்த்தாள். “அம்மா, என் வேலைக்கு வேட்டு வச்சிராதிய.”

“ஒனக்கு மட்டும் வேட்டு இல்ல” என்றான் செல்வின் மெதுவாக. “எல்லாக் கவுண்டரையும் பாருங்க.”

எல்லாக் கவுண்டரிலும் அதேதான் நடந்துகொண்டிருந்தது. மேலே மூன்றாவது மாடியில் ரிஸ்வானா, தரைத்தளத்தில் மற்றவர்கள். ஒரு கவுண்டரில் கேட்டால் அந்தப் பெண் மாட்டுவாள், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கேட்டால் எவளைப் பிடிப்பது? கதவைச் சாத்திக்கொண்டு பேசியது இதைத்தான். விவரமே இல்லாத ஒரு செய்தி. நான் சொல்லிக்கொடுத்ததற்கு நேர் எதிர்.

மைக் முழங்கத் தொடங்கியது. “ஆறு... ஏழு... ஒன்பது... ஆறு... பதினேழு... பதினாலு...” ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு எண்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின, யாரோ வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. பிறகு மைக் நின்றுபோனது. ஆடி ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஜவுளிக்கடை நிசப்தமாக இருந்ததை இந்த ஊர் பார்த்ததில்லை. விஷயம் தெரியாமல் வந்த பெண்களும் என்ன ஏது என்று கேட்டு, கேட்டதும் சேலையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

ஒரு வயதான அம்மாள் மட்டும், “நான் எடுத்துட்டுப் போயிருதேன்ம்மா, பஸ்ஸு போயிரும்” என்று கெஞ்சினார். அவரை விட்டுவிட்டார்கள்.

பிரமு நேராக சோபாவை நோக்கி வந்தாள். பின்னாலேயே ஒரு விற்பனைப் பெண், அவள் கையை இவள் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

“ஏங்க, எந்திரிங்க.”

“நானா?”

“நீங்கதான். இந்தப் பிள்ள உக்காரட்டும்.”

எழுந்தேன். அந்தப் பெண் என் இடத்தில் நுனியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் மற்ற மனைவிமார் அதைப் பார்த்துவிட்டார்கள். கணவன்மார் ஒவ்வொருவராக எழுப்பப்பட்டார்கள், தூங்கியவர் உட்பட.

மேலாளர் சண்முகவேல் வியர்க்க விறுவிறுக்க ஏறிவந்தார். என்னைப் பார்த்துவிட்டார்.

“சார்! நீங்களுமா இதுல?”

இருபத்தைந்து வருஷ இதழியலையும் திரட்டிப் பதில் சொன்னேன். “நான் சேலை எடுக்க வந்தேன்” என்று பையைக் காட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பிரமு பையை என் கையிலிருந்து வாங்கித் தானே தூக்கிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 29, செவ்வாய்

யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் ஓடுகிறது. பையால் முகத்தை மறைத்தபடி எழுந்திருக்கும் கணவர் யார் என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடமே கேட்டார்.

ஜூலை 31, வியாழன்

வீடியோவைப் பார்த்துத் தொழிலாளர் துறை அதிகாரி கடைக்கு வந்தார். குடோனிலிருந்த ஸ்டூல்கள் மேலே ஏறின. இந்தத் தடவை கவுண்டருக்கு ஒன்று என்று போட்டு, எதற்கு எது என்று நம்பரும் எழுதினார்களாம். விடுதி வாசலில் ரிஸ்வானாவைச் சந்தித்து ஒரு விற்பனைப் பெண், “மூணு தடவ உக்காந்தேன் பிள்ள, மைக்கு சத்தமே இல்ல” என்றாளாம்.

ஜெபக்கனியையும் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். வகுப்பில் ஆரவாரம். துரைப்பாண்டி வந்து ‘பக்கத்து வகுப்புல பரீச்சை’ என்று அதட்டினான். நான் எல்லோருக்கும் உளுந்த வடை வாங்கிக்கொடுத்தேன். என் பங்காக ஏதாவது இருக்க வேண்டுமே.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திரும்பக் கூப்பிட்டது உண்மை. எந்த வேலைக்கு என்று இன்றுதான் தெரிந்தது.

வாசல் வேலை. தட்டில் கல்கண்டும் பன்னீர்ச் செம்பும் வைத்துக்கொண்டு, உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிட்டு வணக்கம் சொல்ல வேண்டும். கதவு திறந்ததிலிருந்து மூடும்வரை. இருக்கை கவுண்டருக்குத்தான், வாசல் கவுண்டர் இல்லையாம். அதிகாரியிடம் செல்வின் போன் போட்டுக் கேட்டான். வரவேற்கிறவர் உட்கார்ந்துகொண்டே கும்பிட்டால் மரியாதையாக இருக்குமா என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

கட்டுப் போட்ட இடது காலோடு! இந்த மூளையை எங்கே வைத்திருந்து எடுக்கிறார்கள்? தண்டனையையும் கொடுத்து, அதற்கு மாலை போட்டு மஞ்சள் பூசி, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கும்பிடும் போடச்சொல்லி! கோபத்தில் சாயங்காலம் கடை வாசலுக்கே போய்விட்டேன், மேலாளரை நாலு கேள்வி கேட்க. கண்ணாடிக் கதவு திறந்தது. ஜெபக்கனி என்னைப் பார்த்தாள். கைகூப்பினாள்.

“வணக்கம் சார், வாங்க.”

பன்னீர் தெளித்தாள். நான் உள்ளே போய், ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

“இதை எழுதணும். விடக் கூடாது” என்று வகுப்பில் மேஜையைத் தட்டினேன். தட்டியதில் கை வலித்தது.

“அவகிட்டக் கேட்டுட்டோம் சார்” என்றாள் ரிஸ்வானா. “தம்பி பரீச்சை எழுதி முடிக்குத வரைக்கும் ஒண்ணும் எழுதாதியன்னு சொல்லிட்டா. அதுவரைக்கும் எழுத மாட்டோம். அது முடிஞ்சதும் வாசலுக்கு என்ன செய்யணும்னு அவளே சொல்லுவா. பொறவு செய்வோம்.”

“செய்தின்னா சூட்டோட...”

“சூடு பட்டவ அவ சார்.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

முதல்வருக்கு அறிக்கை எழுதி முடித்தேன். ‘மாணவர்களைச் சமூக நீதியில் ஈடுபடுத்தல்: ஒரு பேராசிரியரின் அனுபவம்’. பன்னிரண்டு பக்கம். கடையின் பெயர் இல்லை, முதல்வர் கேட்டுக்கொண்டபடி. சோபாவிலிருந்து எழுந்த நிகழ்ச்சியை ‘பேராசிரியர் தமது இருக்கையை ஒரு தொழிலாளிக்கு விட்டுக்கொடுத்து முன்னுதாரணமானார்’ என்று எழுதியிருக்கிறேன். பொய் இல்லை. விட்டுக்கொடுக்க வைத்தது யார் என்ற விவரம்தான் இல்லை. விவரம் ஆபத்து என்று பாடம் படித்திருக்கிறேனே.

ரிஸ்வானா வரைவைப் படித்துப் பார்த்தாள். ‘மலர் (பெயர் மாற்றப்பட்டுள்ளது)’ என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

“இந்தத் தடவ பேர அப்படியே விட்டுட்டு மத்த எல்லாத்தையும் மாத்துங்க சார்.”

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். முதல்வருக்கு ரொம்ப திருப்தி. அடுத்த மாதம் மதுரையில் ஒரு கருத்தரங்கில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆடி முடிந்தது. தள்ளுபடி முடிந்தது. கணவன்மார் சோபாவில் கூட்டம் இல்லையாம்.

நேற்று இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். ஒன்று மட்டும் நிச்சயம்: என்னை அறியாமலேயே ஒரு வகுப்பை விழிக்க வைத்திருக்கிறேன். நான் தூங்கியதில் தொடங்கியது என்பதால் புண்ணியத்தில் பாதி மோர்க்குழம்புக்குப் போகட்டும். ஒரு ஜவுளிக்கடையில் பெண்கள் உட்கார்ந்தார்கள். சட்டம் மாடி ஏறியது. பேராசிரியர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களிடம் இனி நான் தலைநிமிர்ந்து பேசலாம்.

காலையில் துறைக்கு ஒரு மினி லாரி வந்தது. முதல்வர் நேரில் வந்து நின்றார். “பாத்தியளா ஆவுடையப்பன், பகைச்சுக்கிடாம இருந்தா எல்லாம் நடக்கும். ஒலிப்பதிவு அறைக்கு முதலாளியோட நன்கொடை” என்றார். துரைப்பாண்டி ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கினான். எல்லாம் ஸ்டூல்கள்.

நல்ல ஸ்டூல். உயரம் எனக்குச் சரியாக இருக்கிறது. ஒன்றை மேஜைக்கு இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்துதான் இவ்வளவும் எழுதினேன். அடிப்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் 14 என்று இருக்கிறது.